சோறு முடிச்சாதான் இனிப்பா? புள்ளைங்க லஞ்ச் டப்பாவுல இனிப்பு வச்சு அனுப்புறது எப்படி

ஸ்கூல் தொறந்து மூணு வாரம்தான் ஆச்சு, அதுக்குள்ள எங்க தெருவுலயே மூணு அம்மாங்க இதே கேள்விய என்கிட்ட கேட்டுட்டாங்க, "பாப்பா சோத்த விட்டுட்டு மொதல்ல கேசரிய எடுத்து சாப்புட்டுச்சாம், மிஸ் டப்பாவ வாங்கி மேஜை மேல வச்சுட்டாங்களாம், சோத்த முடிச்சாதான் தருவேன்னு சொன்னாங்களாம், புள்ள அழுதுகிட்டே வந்து நிக்குது, இனிமே இனிப்பே வச்சு அனுப்பக்கூடாதா?"ன்னு. என்கிட்ட கேக்கறதுக்குக் காரணம் இருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் கும்பகோணம் பக்கம் ஒரு நர்சரி ஸ்கூல்ல எல்கேஜி மிஸ்ஸா இருந்தேன், இப்ப பாபநாசத்துல இருக்கேன், எனக்கே யூகேஜி படிக்கற பொண்ணு இருக்கா. டப்பாவ வாங்கி வச்சவளும் நான்தான், டப்பா கட்டி அனுப்புறவளும் நான்தான். ஒவ்வொருத்தருக்கும் வாசல்ல நின்னு சொல்றதுக்கு ஒரே தடவையா எழுதி வச்சுடலாம்னு தோணுச்சு.

பதில மொதல்லயே சொல்லிடறேன். இனிப்ப கடைசியாதான் சாப்புடணும்னு ஸ்கூல்ல புள்ளைய கட்டாயப்படுத்த வேண்டாம். கொஞ்சமா வைங்க, சோத்தோடயே வைங்க, ஒரே ஒரு தடவ வைங்க, அதுக்கப்புறம் எத மொதல்ல எடுக்கறதுங்கறத புள்ளைகிட்டயே விட்டுடுங்க. பெரியவங்க கையில இருக்க வேண்டியது அளவு, வரிசைய புள்ளைகிட்ட குடுத்துடலாம். இது ஏன், எப்படி பண்றது, மிஸ்கிட்ட எப்படி பேசறது, வீட்டுல அப்பாயிகிட்ட எப்படி பேசறதுன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

நான் மிஸ்ஸா இருந்தப்ப எனக்கு 34 புள்ளைங்க, லஞ்சுக்கு முப்பது நிமிஷம், கூட ஒரே ஒரு ஆயாம்மா. அதுல ஒரு பையன், நாலு வயசு, தினமும் தயிர் சாதம் கொண்டாருவான், கூட ஒரு குட்டி டப்பாவுல கடலை உருண்டை. பெல் அடிச்சதும் அவன் கை உருண்டைக்குதான் போகும், நான் வாங்கி வச்சுக்குவேன், "சாதத்த காலி பண்ணிட்டு வா, தரேன்". அவன் என்ன பண்ணுவான்னா சாதத்த அள்ளி அள்ளி ரெண்டு கன்னத்துலயும் அதக்கிக்கிட்டு, முழுங்காமயே, வெறும் டப்பாவ கொண்டாந்து என்கிட்ட சாய்ச்சு காட்டுவான். காலியாயிடுச்சேன்னு நானும் உருண்டைய குடுத்துடுவேன். ஒரு நாள் அப்படி அதக்கின வாயிலயே உருண்டையையும் கடிச்சுட்டான், பொறையேறிடுச்சு, சத்தமே வரல, மூஞ்சி செவந்து கண்ணு பிதுங்கிடுச்சு, ஆயாம்மா ஓடி வந்து குனிய வச்சு முதுகுல தட்டினதுல சாதமும் கடலையும் ஒண்ணா தரையில விழுந்துச்சு. எனக்கு கை நடுக்கம் நிக்கவே ரொம்ப நேரமாச்சு. சாயந்திரம் கூட்டிட்டுப் போக வந்த அவங்க அம்மாகிட்ட நடந்தத சொன்னேன், அவங்க என்ன திட்டல, ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க, "தயிர் சாதம்னா அவனுக்கு உசுரு மிஸ், இந்த வருஷம்தான் ஏன்னு தெரியல, வீட்டுல தயிர் சாதம்னாலே ஓடறான்".

ஏன்னு எனக்கும் அன்னிக்குத் தெரியாது. தயிர் சாதத்த நான் ஒரு வேலையாக்கி உருண்டைய கூலியாக்கிட்டேன். கூலி குடுத்தாதான் இத செய்வாங்கன்னா இது கஷ்டமான வேலையாதான் இருக்கணும்னு நாலு வயசு மனசு கணக்கு போட்டுக்குது. இத அமெரிக்காவுல லியான் பர்ச்னு ஒரு உளவியல் பேராசிரியர் சின்னப் புள்ளைங்கள வச்சு சோதிச்சே பாத்திருக்காங்க, 1984ல வந்த அவங்க ஆய்வுல பழக்கமில்லாத ஒரு பால் பானத்த குடிச்சா படம் காட்டறோம்னு ஒரு கூட்டத்துக்கு பரிசு, இன்னொரு கூட்டத்துக்கு பாராட்டு, மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்லாம சும்மா குடுத்தாங்க. பரிசு பாராட்டுக்காக குடிச்ச புள்ளைங்களுக்கு அந்த பானம் முன்ன விட பிடிக்காம போயிடுச்சு, சும்மா குடிச்சவங்களுக்கு அப்படி ஆகல. 1999ல அவங்களும் ஜெனிபர் பிஷரும் சேந்து பண்ணின இன்னொரு சோதனையில, ஒரு தின்பண்டத்த கண்ணுக்குத் தெரியற மாதிரி டப்பாவுல போட்டு மேஜை நடுவுல வச்சுட்டு இப்ப தொடக்கூடாதுன்னு சொன்னா, புள்ளைங்க அதப் பத்தியே பேசறாங்க, அதையே கேக்கறாங்கன்னு பாத்தாங்க. மிஸ் மேஜை மேல கேசரி டப்பா உக்காந்திருக்கறதும் இதேதான். புள்ள வாய் சோத்துல, கண்ணு டப்பாவுல. சோத்தோட ருசி எங்க ஏறும்?

நம்ம ஊர்ல இந்த கடைசி இனிப்புங்கற வழக்கமே எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. டெசர்ட்டுங்கற சொல்லே பிரெஞ்சுக்காரங்களோடது, சாப்பாட்டு மேஜைய ஒழிச்சு எடுக்கறதுன்னு அர்த்தம் வர்ற வினைச்சொல்லுலேர்ந்து வந்தது, மேஜைய காலி பண்ணினப்புறம் வர்ற தட்டு. அது அவங்க வீட்டு முறை, அதுல தப்பே இல்ல. ஆனா நம்ம பந்தியில இலைய விரிச்சு, நுனி இடப்பக்கம் இருக்கான்னு பாத்து, தண்ணி தெளிச்சதும் சோறு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு கரண்டி கேசரியோ ஒரு ஜாங்கிரியோ இலையில வந்து உக்காந்துடும். சில வீடுகள்ல வலது கீழ் மூலையில ஒரு துளி பாயசத்துலதான் பரிமாறவே ஆரம்பிப்பாங்க. அப்புறம் பருப்பு, நெய், சாம்பார், ரசம்னு போயி நடுவுல மறுபடியும் பாயசம், அதுல அப்பளத்த நொறுக்கிப் போட்டுக்கறவங்களும் உண்டு, கடைசியில மோர் சாதத்துலதான் முடிப்போம். பந்தியில எந்த தாத்தாவாவது ஒரு புள்ளைய பாத்து "ரசம் முடிச்சாதான் ஜாங்கிரிய தொடணும்"னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா? சுஸ்ருத சம்ஹிதையிலயே சாப்பாட்டுல இனிப்பு முன்னாடி, புளிப்பும் உப்பும் நடுவுல, மத்த சுவைங்க பின்னாடின்னுதான் வரிசை சொல்லியிருக்கு. பழசுல இருக்கறதெல்லாம் சரின்னு நான் சொல்ல வரல, இனிப்பு கடைசிதான்னு இயற்கையில எழுதி வைக்கல, அத மட்டும் சொல்றேன்.

பல்லுக்கும் இதே கணக்குதான். சக்கரை வாயில பட்டதும் பல்லு மேல இருக்கற கிருமிங்க அத அமிலமாக்கும், அந்தப் புளிப்பு அடங்கி வாய் பழைய நிலைக்கு வர அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் ஆகும். ஸ்வீடன்ல விபெஹோல்ம்னு மனவளர்ச்சி குன்றினவங்களுக்கான ஒரு விடுதியில 1940கள்ல நடந்த சோதனை இருக்கு, அங்க இருந்த நோயாளிங்க சம்மதமே கேக்காம பண்ணின கொடுமை அது, ஆனா அதுல தெரிஞ்ச உண்மை இன்னிக்கும் நிக்குது, சாப்பாட்டோட சாப்புட்ட இனிப்பு பல்ல அவ்வளவா கெடுக்கல, சாப்பாட்டுக்கு நடுநடுவுல சாப்புட்ட ஒட்டற டாபிதான் படுமோசமா சொத்தையாக்குச்சு. அதனால கேசரிய மொதல்ல முழுங்கிட்டு தயிர் சாதத்த மென்னு, தண்ணி குடிச்சு முடிக்கற புள்ள, கேசரியோட முடிச்சுட்டு வாய் கொப்புளிக்காம கிளாஸுக்கு ஓடற புள்ளைய விட பல்லு விஷயத்துல நல்லா இருக்கவே வாய்ப்பு. மெல்லும்போது எச்சில் ஊறும், தயிர்ல சுண்ணாம்புச் சத்து இருக்கு, ரெண்டும் பல்லுக்குத் துணை.

எதிர்ப்பக்கம் ஒரு நியாயமான பேச்சும் இருக்கு, அதையும் சொல்லணும். காய், பருப்பு மொதல்ல, சோறு கடைசின்னு சாப்புட்டா சக்கரை ஏறாதுன்னு இப்ப ரீல்ஸ்ல எல்லாரும் சொல்றாங்க. அதுக்கு ஆதாரமா காட்டற ஆய்வுல ஒண்ணு 2015ல நியூயார்க்ல நடந்தது, உண்மையிலேயே சக்கரை குறைஞ்சுதான் இருந்துச்சு, ஆனா அதுல கலந்துக்கிட்டது சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்புடற 11 பெரியவங்க. உங்க வீட்டு தாத்தாவுக்கு அத சொல்லிக் குடுங்க. ஆரோக்கியமா ஓடி ஆடற அஞ்சு வயசு புள்ளைக்கு, ஒரு சிமிழ் கேசரிக்கு, அத சட்டமாக்க வேண்டியதில்ல.

சரி, இப்ப செய்முறை. எல்லாத்துலயும் முக்கியம் அளவு, அதனால அதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன். அமெரிக்க இதய சங்கம் 2016ல சொன்ன கணக்குப்படி 2 வயசுலேர்ந்து 18 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு சேர்த்த சக்கரை, அதாவது பண்டத்துல நாம தனியா போடற சக்கரை, 25 கிராமுக்குள்ள இருக்கணும், அதாவது ஆறு டீஸ்பூன், 2 வயசு ஆகாத கொழந்தைக்கு சேர்த்த சக்கரையே வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் 2015லயே ஒரு நாள் சாப்பாட்டுல கிடைக்கற மொத்த சக்தியில சக்கரையோட பங்கு பத்துல ஒரு பங்குக்குள்ள இருக்கட்டும், முடிஞ்சா இருபதுல ஒரு பங்குன்னு சொல்லியிருக்கு. இத வச்சுக்கிட்டு நான் எங்க வீட்டு கேசரிய தராசுல வச்சே பாத்தேன். 200 கிராம் ரவைக்கு 300 கிராம் சக்கரை போடுவேன், நெய், தண்ணி எல்லாம் சேந்து இறக்கும்போது ஏறக்குறைய 1200 கிராம் வரும். அப்ப 100 கிராம் கேசரியில 25 கிராம் சக்கரை. ஒரு சின்ன கிண்ணம் கேசரி குடுத்துட்டா அந்த நாளோட கணக்கே முடிஞ்சுது, அதுக்கு மேல காலையில பால்ல போட்ட சக்கரை, சாயந்திரம் பிஸ்கட்டுன்னு எல்லாம் இருக்கு. அதே 30 கிராம்னா ஏழரை கிராம் சக்கரைதான். 30 கிராம்ங்கறது எவ்வளவுன்னா ஒரு எலுமிச்சம்பழத்துல பாதி. நான் அதுக்குன்னே குங்குமச் சிமிழ் சைஸ்ல ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கி வச்சிருக்கேன், அதுல எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான், அதுக்கு மேல வைக்கணும்னு எனக்கே ஆசை வந்தாலும் எடம் இருக்காது.

வெல்லம்னா பரவால்லன்னு நெனைக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம பாபநாசம் தாலுகாவுல வீரமாங்குடி அச்சுவெல்லம்னா தை மாசத்துல தேடி வந்து வாங்கிட்டுப் போறாங்க, எங்க வீட்டுலயும் அதுதான், மணமே வேற. ஆனா பல்லுக்கும் ஒடம்புக்கும் அதுவும் சக்கரைதான், நாட்டுச்சக்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே அந்த 25 கிராமுக்குள்ளதான் அடங்கணும். முழு வாழைப்பழம், கொய்யா, மாதுளைய இந்தக் கணக்குல சேக்க வேண்டாம், தாராளமா வைங்க.

தினமும் இனிப்பு வைக்கணுமான்னா வேண்டாம். நான் வாரத்துல ரெண்டு நாள் வைக்கறேன், அதுவும் என்னிக்குன்னு பொண்ணுகிட்ட முன்கூட்டி சொல்றதில்ல, நல்லா படிச்சதுக்கோ அழாம போனதுக்கோ வைக்கறதும் இல்ல, சும்மா ஒரு பொரியல் வைக்கற மாதிரி வைக்கறேன். மத்த நாள்ல பூவன் பழம் ஒண்ணு, இல்லன்னா கொய்யாத் துண்டு.

என்ன வைக்கலாம்னா நம்ம ஊர் வெயில நெனச்சுக்கிட்டுதான் வைக்கணும். காலையில ஏழு மணிக்கு கட்டின டப்பாவ புள்ள பன்னெண்டரைக்குதான் தொறக்கும். தேங்காய்ப்பால் சேந்தது, பால் பாயசம், பாஸந்தி எல்லாம் சித்திரை வைகாசியில அதுக்குள்ள திரிஞ்சுடும், சாக்லெட் உருகி பையெல்லாம் அப்பிக்கும், எறும்பு வேற. தண்ணி ஊத்தி கிண்டின கேசரி தாங்கும், எள்ளுருண்டை, பொரிவிளங்கா உருண்டை தாங்கும் (பொரிவிளங்காய பல்லு விழற வயசுல குடுக்காதீங்க, கல்லு மாதிரி இருக்கும்), வெல்லம் போட்ட அவல் தாங்கும், திருவையாறு பக்கம் போனா வாங்கற பாசிப்பருப்பு அசோகா ஒரு ஸ்பூன் தாராளமா தாங்கும். முழுக்கடலை இருக்கற உருண்டை, மிட்டாய் எதுவும் அஞ்சு வயசு ஆகற வரைக்கும் ஸ்கூலுக்கு வேண்டவே வேண்டாம், நான் பட்டது போதும். பல்லுல ஒட்டற டாபியும் வேண்டாம்.

டப்பா கட்டறதுல ஒரு சின்ன விஷயம். இனிப்ப தனியா பைக்குள்ள வேற ஜிப்புல ஒளிச்சு வைக்காதீங்க. சோத்து டப்பாவுக்குள்ளயே பொரியல் பக்கத்துல அந்த சிமிழ் உக்காரணும். தனியா வச்சா அது பரிசு மாதிரி தெரியும், கூட இருந்தா அதுவும் சாப்பாட்டுல ஒரு ஐட்டம். மொத நாலஞ்சு நாள் பொண்ணு சிமிழத்தான் மொதல்ல காலி பண்ணுவா, பண்ணட்டும். ரெண்டாவது வாரத்துலேர்ந்து எங்க வீட்டுல என்ன ஆச்சுன்னா ஒரு வாய் கேசரி, ரெண்டு வாய் சாம்பார் சாதம், மறுபடி கேசரின்னு மாத்தி மாத்தி சாப்புட ஆரம்பிச்சா, ஒரு நாள் சிமிழ் பாதியோட திரும்பி வந்துச்சு.

இப்ப மிஸ்கிட்ட பேசறது. இங்கதான் நெறைய பேர் சொதப்பிடறாங்க, வாசல்லயே நின்னு நாலு பேர் முன்னாடி கேட்டுட்டு வந்துடறாங்க, அப்புறம் அந்த மிஸ்ஸுக்கு மனசு வலிச்சுப் போயி வருஷம் முழுக்க இழுபறி. அவங்க கெட்ட எண்ணத்துல பண்ணல. டப்பா மிச்சமா வீட்டுக்குப் போனா "மிஸ் சாப்புட வைக்கவே மாட்டேங்கறாங்க"ன்னு கம்ப்ளைன்ட் பண்றதும் நாமதான், அந்த பயத்துலதான் அவங்க புள்ளைய வெரட்டறாங்க, நானும் அப்படித்தான் வெரட்டினேன். அதனால மொதல்ல அந்த பயத்த எடுத்துடுங்க. டைரியில இப்படி எழுதுங்க, நான் எழுதினது இது: "வணக்கம் மிஸ். பாப்பா டப்பாவுல இருக்கறத எந்த வரிசையில சாப்புட்டாலும் விட்டுடுங்க. மிச்சம் வச்சா பரவால்ல, கொட்டாம அப்படியே மூடி அனுப்புங்க, எவ்வளவு சாப்புடறான்னு நான் வீட்டுல பாத்துக்கறேன். அதுக்காக உங்கள கேக்க மாட்டேன். சாப்புட்டதும் வாய் கொப்புளிக்க மட்டும் ஞாபகப்படுத்தினா போதும்." கடைசி வரி முக்கியம், மிஸ்ஸுக்கு செய்யறதுக்கு ஒரு வேலை வேணும், வரிசைய பாக்கறத விட்டுட்டு கொப்புளிக்கறத பாக்கட்டும், அது உண்மையிலேயே பல்லுக்கு நல்லது.

சில மிஸ் ஒத்துக்க மாட்டாங்க, "எங்க ஸ்கூல் ரூல்"னு சொல்லுவாங்க. ஒரு தடவ பொறுமையா எடுத்துச் சொல்லுங்க, மேல ஹெச்எம்மப் பாத்தும் சொல்லுங்க. அப்பவும் முடியலன்னா இனிப்ப ஸ்கூலுக்கு அனுப்பறத நிறுத்திட்டு நாலு மணி டிபனோட வீட்டுல குடுங்க. புள்ளைகிட்ட போயி "மிஸ்ஸுக்கு ஒண்ணும் தெரியாது, நீ மொதல்லயே சாப்புடு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, பெரியவங்க சண்டைய அஞ்சு வயசு புள்ள தலையில ஏத்தக்கூடாது, அங்க ஆறு மணி நேரம் அந்த மிஸ்கூட இருக்கப்போறது அதுதான்.

ஸ்கூல் கண்டிப்பா இருக்க வேண்டிய எடம் வேற இருக்கு, அதுல நான் ஸ்கூல் பக்கம்தான். எந்தப் பொருள் கேட்டுக்குள்ள வரலாம், கேன்டீன்ல என்ன விக்கலாம், லஞ்ச் எத்தன மணிக்கு, உக்காந்துதான் சாப்புடணும், இதெல்லாம் அவங்க முடிவு. கொழுப்பு, உப்பு, சக்கரை அதிகமா இருக்கற பண்டங்கள ஸ்கூல்லயோ கேட்லேர்ந்து 50 மீட்டருக்குள்ளயோ விக்கக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020லயே விதி போட்டிருக்கு. சிபிஎஸ்இ 2025 மே மாசத்துல தன்னோட எல்லா பள்ளியிலயும் எந்தப் பண்டத்துல எவ்வளவு சக்கரைன்னு காட்டற பலகை வைக்கச் சொல்லிச்சு. நம்ம மெட்ரிக் ஸ்கூலுக்கு அந்த உத்தரவு வராதுன்னாலும் அதே மாதிரி ஒரு சார்ட்ட ஒரு மத்தியானத்துல எழுதி ஒட்டிடலாம், மிஸ்ஸுங்ககிட்ட கேட்டுப் பாருங்க. அமெரிக்காவுல எல்லின் சேட்டர்னு ஒரு உணவியல் நிபுணர் இத அழகா பிரிச்சு வச்சிருக்காங்க, என்ன, எப்ப, எங்கங்கறது பெரியவங்க பொறுப்பு, சாப்புடறதா வேண்டாமா, எவ்வளவுங்கறது புள்ளையோட பொறுப்பு. இனிப்ப சாப்பாட்டோடயே ஒரு பங்கு வச்சுடுங்க, ரெண்டாவது பங்கு கிடையாதுன்னுதான் அவங்களும் சொல்றாங்க. நான் படிச்சதுலயே எனக்கு ரொம்ப உதவினது இந்தப் பிரிவுதான்.

அரசுப் பள்ளியில இந்தப் பிரச்சினையே ரொம்ப இல்ல. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்னிக்கு நம்ம நாகை மாவட்டம் திருக்குவளையிலேர்ந்துதான் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் விரிஞ்சுது, திட்டம் ஆரம்பிச்சப்ப போட்ட பட்டியல்ல வெள்ளிக்கிழமை கிச்சடியோட கேசரியும் இருந்துச்சு. ஒரே தட்டு, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. எங்க நாத்தனார் மகன் அப்படித்தான் சாப்புட்டான், கேசரிய தொட்டு தொட்டு கிச்சடிய முடிப்பான், யாரும் அவன ஒண்ணும் சொன்னதில்ல.

வீட்டுல மாத்தாம ஸ்கூல்ல மட்டும் மாத்தினா பிரயோஜனம் இல்ல. "நாலு வாய் வாங்கிக்க, ஐஸ் வாங்கித் தரேன்" இத நிறுத்தணும், நமக்கே கஷ்டம்தான், அடுப்புல ஒரு கண்ணு, கடிகாரத்துல ஒரு கண்ணுன்னு நிக்கறப்ப அதுதான் வாயில வரும். எங்க அத்தை, அதான் என் பொண்ணோட அப்பாயி, அவளுக்கு ஊட்டறப்ப முந்தானையில ஒரு மிட்டாய முடிஞ்சு வச்சுக்கிட்டு ஒவ்வொரு வாய்க்கும் அத காட்டுவாங்க. நான் அவங்ககிட்ட சட்டம் பேசல. "அத்தை, நீங்க ஊட்டினா அவ நல்லா சாப்புடறா, அது உங்க கை ருசி, அந்த மிட்டாய்க்காக சாப்புடறான்னு ஏன் ஆக்கணும், மிட்டாய மொதல்லயே குடுத்துட்டு அப்புறம் ஊட்டிப் பாருங்களேன்"னு கேட்டேன். ரெண்டு நாள் முணுமுணுத்தாங்க, மூணாவது நாள் அவங்களே "மிட்டாய் கையில இருந்தா சத்தமில்லாம வாங்கிக்குதுடி"ன்னாங்க. இப்ப மிட்டாய் போயி ஒரு துண்டு வாழைப்பழம் வந்திருக்கு. பெரியவங்க கிட்ட ஆய்வு கட்டுரையெல்லாம் எடுத்துட்டுப் போகாதீங்க, அவங்க கைய பாராட்டிட்டு கேளுங்க.

சோத்த தொடாம இனிப்ப மட்டும் தின்னுட்டு டப்பாவ மூடற புள்ளைக்கு என்ன பண்றது? இதான் எல்லாரோட பயமும். ஒரு வேளைய வச்சு முடிவு பண்ணாதீங்க. 1991ல பர்ச் குழு 2லேர்ந்து 5 வயசு வரைக்கும் 15 புள்ளைங்க சாப்புட்டத ஆறு நாள் முழுசா அளந்து பாத்தாங்க, ஒரு வேளைக்கும் இன்னொரு வேளைக்கும் ஏகப்பட்ட ஏத்த எறக்கம், ஆனா நாள் மொத்தத்த கூட்டினா கிட்டத்தட்ட ஒரே அளவுல வந்து நின்னுச்சு, ஒரு வேளை கொறைச்சா அடுத்த வேளை தானே சரி பண்ணிக்குதுங்க. அதனால 30 கிராம் கேசரி தின்னுட்டு வந்த புள்ளைக்கு நாலு மணிக்கு பசிக்கும், அப்ப பிஸ்கட்ட நீட்டாம மத்தியானச் சாப்பாடு மாதிரியே வயிறு நெறையற ஒரு சாப்பாடு குடுங்க, இட்லியோ தோசையோ சுண்டலோ. திட்டவும் வேண்டாம், "பாத்தியா பசிக்குதுல்ல"ன்னு குத்திக் காட்டவும் வேண்டாம். மூணு வாரம் இப்படிப் போகட்டும். டப்பாவ தினமும் தொறந்து பாத்து எது மிஞ்சுதுன்னு கவனிங்க, தினமும் பீன்ஸ் மிஞ்சினா பிரச்சினை பீன்ஸ்ல, நாரெடுக்காம விட்டிருப்போம், ஆறினப்புறம் அது ரப்பர் மாதிரி ஆயிடும். புதுக் காய் பழக பத்து பதினஞ்சு தடவ கூட ருசி பாக்க வேண்டியிருக்கும், அதனால ஒரு ஸ்பூன் வச்சுக்கிட்டே இருங்க. மூணு வாரம் தாண்டியும் எந்த வேளையும் சரியா சாப்புடல, எடை எறங்குது, சோந்து சோந்து படுக்குதுன்னா இனிப்பு வரிசைய விட்டுட்டு டாக்டரப் பாருங்க.

பொறந்தநாள் சாக்லெட் தனிக் கதை, சட்டுன்னு சொல்லிடறேன். 34 புள்ளைங்க இருந்தா வருஷத்துல 34 நாள். குடுத்தத வேண்டாம்னு சொல்லச் சொல்லாதீங்க, பையில போட்டுக்கிட்டு வந்து வீட்டுல சாப்பாட்டோட சாப்புடச் சொல்லுங்க. உங்க புள்ள பொறந்தநாளுக்கு பென்சில், அழிரப்பர் குடுங்க, அடுத்த வருஷம் நாலு பேர் அதையே பண்ணுவாங்க.

சர்க்கரை நோய் வந்து இன்சுலின் போட்டுக்கற புள்ளைங்களுக்கு மேல சொன்ன எதுவும் பொருந்தாது, அவங்க டாக்டர் சொன்ன அளவும் நேரமும்தான். ஆனா ஒண்ணு எல்லா மிஸ்ஸுக்கும் தெரிஞ்சிருக்கணும், அந்தப் புள்ளைக்கு திடீர்னு வேர்த்து, கை நடுங்கி, மந்தமாகி, சக்கரை எறங்கினா அந்த நிமிஷமே குளுக்கோஸோ சக்கரையோ ஜூஸோ குடுக்கணும், மயங்கிட்டா மட்டும் வாயில எதுவும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். "சோத்த முடிச்சுட்டு வா, அப்புறம் ஜூஸ்"ங்கற ரூல் அங்க உயிருக்கே ஆபத்து. அப்படி ஒரு புள்ள உங்க வீட்டுல இருந்தா ஸ்கூல் ஆரம்பிச்ச மொத நாளே இத எழுதி கிளாஸ் மிஸ், ஹெச்எம், ஆயாம்மா மூணு பேர்கிட்டயும் குடுத்துடுங்க, டோஸ் விவரத்தோட டாக்டர்கிட்டயே எழுதி வாங்கிக்குங்க.

கடைசியா அந்த சிமிழ் டப்பா. வாங்கறப்ப கடையிலயே புள்ள கையில குடுத்து தொறக்கச் சொல்லிப் பாருங்க. நான் மொதல்ல வாங்கினது எவர்சில்வர் திருகு மூடி, பாக்க லட்சணமா இருந்துச்சு, ஆனா பொண்ணால திருக முடியல, மிஸ்கிட்ட கொண்டுபோயி நீட்டியிருக்கா, அவங்க "மொதல்ல சாதம்"னு சொல்லி மேஜை மேல வச்சுட்டாங்க, டைரியில அவ்வளவு எழுதியும் பழையபடி அங்கயே போயி நின்னுச்சு. அடுத்த நாளே லேசா அழுத்தி மூடற மூடியா மாத்திட்டேன், அத அவளே தொறந்துக்கறா.